தோற்பொருட்களின் உற்பத்தியிடக் குறிப்புகள்

தோற்பொருட்களின் உற்பத்தியிடக் குறிப்புகள் என்பவை காலணி, கைப்பை, பணப்பை, கையுறை, பெல்ட் எனப்படும் இடைவார் முதலிய தோற்பொருட்கள் எந்த நாட்டில், யாரால் செய்யப்பட்டன என்பதை வாங்குபவருக்கு அறிவிக்கும் எழுத்துகளும் குறிகளும் ஆகும். இவை பொருளின் உட்புறத்திலோ, அதனுடன் கட்டப்பட்ட சீட்டிலோ, பொதியின் மேலோ அச்சிடப்படுகின்றன. தோல் கிடைத்த இடம், அது பதனிடப்பட்ட இடம், பொருள் தைக்கப்பட்ட இடம், வணிகப் பெயருக்கு உரிய நிறுவனத்தின் இடம் ஆகிய நான்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே ஒரு பொருள் உள்நாட்டில் செய்யப்பட்டதா என்பதை அறிய, சீட்டில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் இந்த நான்கில் எதைக் கூறுகிறது என்பதைப் பிரித்து அறிதல் தேவையாகிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தையும் அதனைச் சுற்றியுள்ள தோல் தொழில் மையங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்குறிப்புகளை விளக்குகிறது.

வட்டாரத்தின் அமைவிடம்

விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 2019இல் இதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டது. சென்னை - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் திண்டிவனமும் விழுப்புரமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டிலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

தோல் பதனிடும் ஊர்களின் வரிசையில் இவ்விரு நகரங்களும் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆயினும் இவற்றைச் சுற்றிப் பல திசைகளிலும் தோல் தொழில் நடைபெறுகிறது.

வடமேற்கில் இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் உள்ளன. 2019 வரை இவை அனைத்தும் வேலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தன; பேரணாம்பட்டு இன்றும் அம்மாவட்டத்திலேயே உள்ளது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் தொடர்வண்டிப் பாதை இப்பகுதியை அடைகிறது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு வழியாகச் சாலை செல்கிறது.

வடக்கே சென்னையின் குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகள் பழைய தோல் பதனிடும் இடங்களாகும். குரோம்பேட்டை என்ற பெயர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அமைந்த குரோம் லெதர் கம்பெனியால் ஏற்பட்டது.

கிழக்கே புதுச்சேரியில் தோற்பைகளும் பணப்பைகளும் செய்யப்படுகின்றன. அங்கு 1978இல் திலீப் கபூர் என்பவர் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம் பின்னர் வெளிநாடுகளிலும் விற்பனை செய்யும் அளவுக்கு வளர்ந்தது. தாவரப் பதனீட்டுத் தோலைப் பயன்படுத்துவது அந்நிறுவனத்தின் சிறப்பாகக் கூறப்படுகிறது.

செய்யாறு சிப்காட் தொழிற்பூங்காவில் தைவானைச் சேர்ந்த பெங் டே குழுமத்தின் ஆலைகள் நைக்கி நிறுவனத்துக்கு விளையாட்டுக் காலணிகளைச் செய்து தருகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டையில் தோலல்லாத காலணி ஆலை அமைக்கத் தைவானின் பௌ சென் குழுமம் 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுடன் 2,302 கோடி ரூபாய்க்கான உடன்படிக்கை செய்துகொண்டது.

எனவே இவ்வட்டாரத்தில் வாழும் ஒருவர் அயல்நாட்டுப் பொருள் என்று எண்ணி வாங்கும் காலணி, அருகிலுள்ள ஊரில் செய்யப்பட்டதாக இருக்கலாம். இந்தியப் பெயர் தாங்கிய பை வேறு நாட்டிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டதாகவும் இருக்கலாம்.

வரலாறு

ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிடும் முறை தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியைச் சேர்ந்த டி சூசா என்ற வணிகர் இம்முறையைச் சீர்திருத்தியதாகத் தொழில் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இவ்வாறு அரைகுறையாகப் பதனிடப்பட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டு, 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் பெற்றது. அங்கு அது மீண்டும் பதப்படுத்தப்பட்டுக் காலணிகளாகவும் பைகளாகவும் மாறியது. முதல் உலகப் போரின் போது பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் பயன்பட்டது. தோல் சென்னை மாகாணத்தினுடையதாக இருந்தும், முடிவுற்ற பொருளின் பெயரும் அதன் விலையில் பெரும் பகுதியும் பிரித்தானியாவுக்கே உரியவையாயின.

விடுதலைக்குப் பின் இந்நிலையை மாற்ற முயற்சிகள் நடந்தன. 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. 1972இல் சீத்தாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முடிவுற்ற பொருட்களை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இதன் பிறகே ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் காலணி, கையுறை முதலியவற்றைத் தைக்கும் ஆலைகள் பெருகின.

உற்பத்தியிடத்தைச் சட்டப்படி குறிக்கும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டினதே. பிரித்தானியா 1887இல் இயற்றிய வணிகக் குறிகள் சட்டம், அயல்நாட்டுப் பொருட்கள் உள்நாட்டுப் பொருட்கள் போல விற்கப்படுவதைத் தடுக்க முற்பட்டது. 'செருமனியில் செய்யப்பட்டது' என்ற சொற்றொடர் இதனால் பரவியது. இழிவைக் குறிக்கும் என்று கருதப்பட்ட அச்சொற்றொடர் காலப்போக்கில் தரத்தின் அடையாளமாக மாறியது. இந்தியாவிலும் 1889இல் இத்தகைய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

தோற்பொருள் உருவாகும் நிலைகள்

தோற்பொருள் ஒன்று பின்வரும் நிலைகளைக் கடந்து உருவாகிறது.

1. பச்சைத் தோல்: இறைச்சிக்கூடங்களிலிருந்து பெறப்பட்டு உப்பிடப்பட்ட தோல்.
2. பதனிட்ட தோல்: குரோமிய உப்பால் பதனிட்டது நீல நிறமாக இருக்கும்; இது 'வெட் புளூ' எனப்படும். பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்டது தாவரப் பதனீட்டுத் தோல் எனப்படும்.
3. கிரஸ்ட்: பதனிட்டு உலர்த்தப்பட்டு, மேற்பூச்சுக்கு ஆயத்தமாக உள்ள தோல்.
4. முடிவுற்ற தோல்: நிறமும் மேற்பூச்சும் பெற்ற தோல்.
5. பொருள்: தோலை வெட்டி, ஓரத்தைச் சீவி, ஒட்டி, தைத்து, கொக்கியும் ஜிப்பும் பொருத்திச் செய்யப்படுவது.

ஒவ்வொரு நிலையும் வெவ்வேறு நாட்டில் நடைபெறலாம். இந்தியாவில் தைக்கப்படும் பொருட்களுக்கு வெளிநாட்டுத் தோலும் பயன்படுகிறது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கை, வெட் புளூ தோலின் இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்கவரியிலிருந்து முழு விலக்கு அளித்தது. இவ்வாறு வந்த தோலை ஆம்பூரில் முடித்துத் தைத்த காலணியும் இந்தியாவில் செய்யப்பட்டதாகவே கருதப்படும். முதன்மையான மாற்றம் கடைசியாக எங்கு நிகழ்ந்ததோ அந்த இடமே உற்பத்தி நாடு என்பது பல நாடுகளின் சுங்கச் சட்டங்களில் காணப்படும் பொது நெறியாகும்.

குறிப்புகளும் அவற்றின் பொருளும்

தயாரித்தவர் பெயரும் முகவரியும்: உள்நாட்டு உற்பத்தியாளரைக் கண்டறிய மிகவும் பயனுள்ள குறிப்பு இதுவே. 'தயாரித்தவர்', 'பொதி செய்தவர்', 'சந்தைப்படுத்துபவர்', 'இறக்குமதி செய்தவர்' ஆகிய நான்கு சொற்களும் ஒரே பொருள் உடையவை அல்ல. சந்தைப்படுத்துபவரின் முகவரி சென்னையாக இருப்பதால் பொருள் சென்னையில் செய்யப்பட்டது என்று ஆகாது. 'இறக்குமதி செய்தவர்' என்ற சொல் இருந்தால் அது அயல்நாட்டுப் பொருள் என்பது உறுதி.

உற்பத்தி நாடு: இறக்குமதி செய்யப்பட்ட பொதிகளில் நாட்டின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். உள்நாட்டுப் பொருளில் 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்ற தொடர் இல்லாமலும் இருக்கலாம். தயாரித்தவரின் முகவரியே அதைக் காட்டும்.

வணிகப் பெயர்: இது பெயரின் உரிமையாளரை மட்டுமே காட்டுகிறது. செய்யாற்றில் செய்யப்படும் அமெரிக்கப் பெயர் கொண்ட காலணி இதற்கு எடுத்துக்காட்டாகும். 'இத்தாலிய வடிவமைப்பு', 'இத்தாலியத் தோல்' போன்ற தொடர்கள் முறையே வடிவத்தையும் மூலப்பொருளையும் பற்றியவை. அவற்றால் தைத்த இடம் தெரிவதில்லை.

பட்டைக் குறியீடு: பட்டைக் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்கள் 890 ஆக இருந்தால் பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறு. அந்த எண், குறியீட்டைப் பெற்ற நிறுவனம் இந்தியப் பதிவு அமைப்பில் உறுப்பினராக உள்ளது என்பதை மட்டுமே காட்டும். இந்திய நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வாங்கி விற்கும் பைக்கும் 890 என்ற எண் வரலாம்.

ஜிப், கொக்கி ஆகியவற்றில் உள்ள எழுத்துகள்: இவை அந்த உறுப்பைச் செய்த நிறுவனத்தின் பெயர்கள். பல பைகளின் ஜிப்பில் காணப்படும் ஒய்.கே.கே. என்பது ஒரு ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் பெயராகும். அதைக் கொண்டு பை ஜப்பானில் செய்யப்பட்டது என்று கொள்ள இயலாது.

சிங்கச் சின்னம்: 2014 செப்டம்பர் 25இல் இந்திய அரசு தொடங்கிய 'மேக் இன் இந்தியா' இயக்கத்தின் பற்சக்கரச் சிங்கச் சின்னம் அவ்வியக்கத்துக்கான அடையாளமாகும். தனியொரு பொருளின் உற்பத்தியிடத்துக்கு அளிக்கப்படும் சான்றிதழாக அதைக் கொள்ளலாகாது.

புவிசார் குறியீடு: ஒரு நிலப்பகுதிக்கே உரிய பொருளுக்கு இது வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டின் கிழக்கிந்தியத் தோலும், மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் கோலாப்பூர்ச் செருப்பும் இக்குறியீட்டைப் பெற்றுள்ளன. முன்னது மூலப்பொருளான தோலுக்கு உரியது. பின்னது முடிவுற்ற செருப்புக்கு உரியது.

மூலப்பொருள் படக்குறி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, அங்கு விற்கப்படும் காலணிகளின் மேற்பகுதி, உட்புறம், அடிப்பகுதி ஆகியவை எதனால் ஆனவை என்பது படமாகக் காட்டப்படுகிறது. விரித்த தோலின் வடிவம் தோலையும், அதனுள் சாய்சதுரம் இருப்பின் மேற்பூச்சுள்ள தோலையும், பின்னல் வடிவம் துணியையும், வெறும் சாய்சதுரம் பிற பொருட்களையும் குறிக்கும். ஏற்றுமதிக்கெனச் செய்யப்பட்டு உள்நாட்டில் விற்கப்படும் காலணிகளில் இப்படங்களைக் காணலாம். இவற்றுக்கும் உற்பத்தி நாட்டுக்கும் தொடர்பில்லை.

இந்தியச் சட்டங்கள்

2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதி செய்யப்பட்ட பொருட்கள்) விதிகளின்படி, பொதியின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், அளவு, மாதமும் ஆண்டும், அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இறக்குமதிப் பொருட்களில் உற்பத்தி நாட்டைக் குறிப்பதைக் கட்டாயமாக்கியது. இவ்விதிகள் முன்னரே பொதி செய்யப்பட்ட பொருட்களுக்கே பொருந்தும். கடையில் திறந்த நிலையில் தொங்கவிடப்பட்டு விற்கப்படும் பைக்கும், செருப்புத் தைப்பவர் அளவெடுத்துச் செய்து தரும் செருப்புக்கும் இத்தகைய சீட்டு இல்லாமல் இருக்கலாம்.

2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், இணையம் வழி விற்கப்படும் பொருட்களுக்கு உற்பத்தி நாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகின்றன. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், பொருள் செய்யப்பட்ட இடம் அல்லது நாடு பற்றிப் பொய்யான விவரம் இடுவதைக் குற்றமாக்குகிறது.

அரசுக் கொள்முதலில் வேறொரு அளவுகோல் உள்ளது. 2017ஆம் ஆண்டின் ஆணையும் அதன் திருத்தங்களும், உள்நாட்டு மதிப்புப் பங்கு 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பொருளை வழங்குபவரை முதல் வகை உள்நாட்டு வழங்குநராகக் கொள்கின்றன. பங்கு 20 விழுக்காட்டுக்கு மேல் 50க்குள் இருப்பின் அவர் இரண்டாம் வகையினர் ஆவார்.

தமிழ்நாட்டில் எடையளவு விதிகளைத் தொழிலாளர் துறை செயற்படுத்துகிறது. பொதியில் விவரம் இல்லாமை குறித்து மாவட்டத்தில் உள்ள அத்துறையின் அமலாக்க அலுவலரிடம் முறையிடலாம். பொய்யான விவரத்தால் இழப்புற்றவர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகும்.

உள்நாட்டு உற்பத்தியாளரைக் கண்டறிதல்

சொந்தப் பயனுக்குப் பொருள் வாங்குபவரும், பள்ளி அல்லது அலுவலகத்துக்கு மொத்தமாகச் செய்யக் கொடுப்பவரும், சிறு கடை நடத்துபவரும் உற்பத்தியாளரைத் தேடும் தேவை உடையவர்கள். இதற்குப் பின்வரும் வழிகள் பயன்படுகின்றன.

சரக்கு மற்றும் சேவை வரி எண்: விற்பனைச் சீட்டில் உள்ள 15 இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். 33 தமிழ்நாட்டையும், 34 புதுச்சேரியையும், 09 கான்பூர், ஆக்ரா ஆகியவை உள்ள உத்தரப் பிரதேசத்தையும், 19 மேற்கு வங்காளத்தையும், 27 மகாராட்டிரத்தையும் குறிக்கின்றன. இது விற்பவர் பதிவு பெற்ற மாநிலமாகும். இந்த எண்ணை வரித்துறையின் பொதுத் தளத்தில் இட்டால், அந்நிறுவனம் உற்பத்தி செய்வதாகப் பதிவு பெற்றுள்ளதா, சில்லறை வணிகத்துக்கு மட்டும் பதிவு பெற்றுள்ளதா என்பதைக் காணலாம். தன்னை உற்பத்தியாளர் என்று கூறிக்கொள்ளும் இடைத்தரகரை அறிய இது எளிய வழியாகும்.

சரக்குக் குறியீட்டெண்: விற்பனைச் சீட்டில் பொருளுக்கு எதிரே உள்ள எண் மூலப்பொருளைத் தெரிவிக்கக் கூடும். 6403 தோலாலான மேற்பகுதி உடைய காலணியையும், 6402 ரப்பர் அல்லது பிளாசுட்டிக்காலான காலணியையும், 6404 துணியாலான மேற்பகுதி உடைய காலணியையும் குறிக்கும். 4203 தோலாடை, தோல் கையுறை, தோல் இடைவார் ஆகியவற்றுக்கு உரியது. 4202 என்ற எண் தோற்பைக்கும் பிளாசுட்டிக் பைக்கும் பொதுவானது. அதன் ஆறிலக்க வடிவில் 420221 வெளிப்புறம் தோலாலான கைப்பையையும், 420222 பிளாசுட்டிக் அல்லது துணியாலான கைப்பையையும் காட்டும். தோல் என்று கூறி விற்ற காலணிக்குச் சீட்டில் 6402 என்ற எண் இருப்பின், அந்த முரண்பாடு முறையீட்டுக்கு எழுத்துச் சான்றாகப் பயன்படும்.

தோல் ஏற்றுமதிக் குழு: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இக்குழுவில் ஏற்றுமதி செய்யும் தோல், காலணி, தோற்பொருள் நிறுவனங்கள் உறுப்பினராக உள்ளன. பெரிய ஆலைகள் பல குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் குறைவாகச் செய்து தருவதில்லை. ஆகவே சிறிய தேவை உடையவர்களுக்கு இவ்வழி எப்போதும் பொருந்தாது.

மாவட்டத் தொழில் மையம்: குறு, சிறு தொழில் முனைவோர் பற்றிய விவரத்துக்கு விழுப்புரத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். சிறு தொழில்களுக்கு 2020 ஜூலை 1 முதல் 'உத்யம்' என்ற பதிவு வழங்கப்படுகிறது. இப்பதிவு தொழிலை உறுதிப்படுத்துகிறது. பொருளின் தரத்தைப் பற்றியது அன்று.

நேரில் காணல்: சிறு பட்டறையாயின் நேரில் சென்று காண்பதே உறுதியான வழி. தோலை வெட்டும் மேசை, ஓரம் சீவும் பொறி, தையற்பொறி, வெட்டி எஞ்சிய தோல்துண்டுகள் ஆகியவை இருப்பின் அது உற்பத்தி இடமாகும். முடிவுற்ற பொருட்களும் சீட்டு தைக்கும் பொறியும் மட்டும் இருப்பின், பிற இடத்தில் செய்த பொருளுக்கு அங்குப் பெயர் இடப்படுகிறது என்று கருத இடமுண்டு.

தோலின் தரத்தைக் குறிக்கும் சொற்கள்

உற்பத்தி நாடு தெரிந்தாலும் மூலப்பொருளின் தரம் தெரிந்ததாகாது. 'ஃபுல் கிரெய்ன்' என்பது மேற்பரப்பு தேய்க்கப்படாத முழுத் தோல். 'டாப் கிரெய்ன்' என்பது பொதுவாக மேற்பரப்பு சற்றே தேய்த்துச் சீராக்கப்பட்டது. 'ஸ்பிளிட்' என்பது தோலைப் படலமாகப் பிளந்தபின் கிடைக்கும் கீழ்ப்பகுதி. 'பாண்டட் லெதர்' என்பது தோல் தூளையும் துண்டுகளையும் பசையால் ஒட்டிச் செய்த தாள். 'ஜெனுயின் லெதர்' என்ற தொடர் தோல் என்று மட்டுமே உறுதி கூறுகிறது. முதல் மூன்று வகைகளில் எதுவாகவும் அது இருக்கலாம். 'பியூ லெதர்', 'வீகன் லெதர்' ஆகிய பெயர்கள் செயற்கைப் பொருட்களையே பெரும்பாலும் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் ரெக்சின் என வழங்குவதும் இவ்வகையைச் சார்ந்தது.

உலக வணிகத்தில் உற்பத்தியிடம்

ஏற்றுமதியில் உற்பத்தியிடம் வரியைத் தீர்மானிக்கிறது. 2025 ஆகஸ்ட் 27இல் ஐக்கிய அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கப்பட்டு அங்குச் செல்லும் காலணிகளும் அதற்கு உட்பட்டன. காலணியின் வணிகப் பெயர் அமெரிக்கப் பெயராக இருந்தாலும் வரி குறையவில்லை. மாறாக, அதே ஆண்டு ஜூலை 24இல் இந்தியாவும் பிரித்தானியாவும் கையெழுத்திட்ட வணிக உடன்படிக்கை, இந்தியாவில் உருவானது என்று மெய்ப்பிக்கப்படும் தோற்பொருட்களுக்கு வரி விலக்கு அளிக்க வகை செய்தது. எனவே மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, எவ்வளவு மாற்றம் இந்தியாவில் நிகழ்ந்தது என்பதற்கான ஆவணங்களை ஏற்றுமதியாளர் வைத்திருக்க வேண்டியுள்ளது.

உற்பத்தியிடக் குறிப்பின் எல்லை

உற்பத்தியிடக் குறிப்பு தொழிலாளரின் நிலையையோ, ஆலைக் கழிவின் நிலையையோ கூறுவதில்லை. பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலைக் கழிவுகளால் நிலமும் நீரும் கெட்டது தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே அதற்கான இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறி அத்தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தாத ஆலைகள் மூடப்படும் நிலையும் உண்டானது. ஒரே ஊரில், ஒரே நாட்டுப் பெயருடன் வெளிவரும் இரு பொருட்களில் ஒன்று முறையாகக் கழிவு நீக்கும் ஆலையிலிருந்தும் மற்றொன்று அவ்வாறு செய்யாத ஆலையிலிருந்தும் வந்திருக்கலாம். நாட்டின் பெயரைக் கொண்டு இதை அறிய இயலாது. தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும் இருந்தால் மட்டுமே வாங்குபவரால் அந்த ஆலையைப் பற்றி மேலும் கேட்டறிய முடியும்.